முனிவரிடம் ஒப்படைத்த வாள்

புனே நகரை ஒட்டிய கட்கியை ஆங்கிலேயர் கிர்க்கி என்று அழைத்தனர். 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பேஷ்வாவின் படையும் கம்பெனியின் படையும் அங்கே மோதின. மராட்டிய ஆட்சியின் அந்திமக் காலம் அன்று தொடங்கியது. 1869-இல் அதே கட்கியில் தோட்டாத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. இராணுவத்துக்குரிய தோட்டாக்களோடு, உரிமம் பெற்ற குடிமக்களின் வேட்டைத் துப்பாக்கிகளுக்குரிய ‘12 போர்’ தோட்டாக்களும் அங்கே தயாராகி நாடெங்கும் சென்றன. 2021 அக்டோபர் முதல் அத்தொழிற்சாலை முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அதன் தலைமையகமும் புனேயிலேயே அமைந்துள்ளது.

இத்தகைய ஊரில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். பாட்டனார் காலத்தில் வீட்டுக்கு வந்த ஓர் ஆங்கில இரட்டைக்குழல் துப்பாக்கி, துணி சுற்றிய நிலையில் பெட்டிக்குள் கிடக்கிறது. குழல்களில் துரு ஏறியிருக்கிறது. மரக்கட்டையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. அதைச் செப்பனிட்டுப் பழைய பொலிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பேரன் விரும்புகிறான். தாய்க்கோ அது வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை. இருவருமே தீயவர் அல்லர். பேரன் கொலையை விரும்புபவன் அல்லன். தாயும் முன்னோரின் நினைவை மதிக்காதவள் அல்லள். அப்படியானால் யார் சொல்வது தர்மம்?

விடை தேடுமுன் அந்தப் பொருளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பார்க்காமலே வெறுப்பதும் பார்க்காமலே போற்றுவதும் எளிது.

ஆங்கில வேட்டைத் துப்பாக்கிக் கலையின் மூல புருஷர் என்று லண்டனைச் சேர்ந்த ஜோசப் மேன்டனைச் சொல்வார்கள். அவருடைய பட்டறையில் வேலை கற்ற ஜேம்ஸ் பர்டி 1814-இல் தனியே கடை தொடங்கினார். (குருவான மேன்டன் 1826-இல் கடனாளியாகித் திவாலானார், சீடரின் பெயரோ இன்றும் நிலைத்திருக்கிறது.) பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 1812-இல் தொழில் தொடங்கியது. 1875-இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி இருவரும் உருவாக்கிய உள்விசை அமைப்பு உலகெங்கும் பின்பற்றப்பட்டது. 12 போர் என்னும் கணக்கும் விந்தையானது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர் விட்டம்.

பழைய குழல்கள் ஒரே எஃகுத் தண்டைத் துளையிட்டுச் செய்யப்பட்டவை அல்ல. இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டின்மேல் கொடிபோலச் சுற்றி, உலையில் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கினார்கள். அதனால் குழலின் மேற்பரப்பில் நீரலை போன்ற வரிகள் தோன்றின. அதற்கு ‘டமாஸ்கஸ்’ என்று பெயர் வந்தது. தென்னிந்திய உருக்கினால் செய்யப்பட்டுப் புகழ்பெற்ற வாள்களுக்கும் அதே பெயர்தான். செய்முறையோ முற்றிலும் வேறு. இரண்டு குழல்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஈயப்பற்று இட்டு இணைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பார்வைக்கு இணைகோடுகள்போலத் தோன்றினாலும், இரண்டும் ஒரே இலக்கை நாடுமாறு முனையை நோக்கி மிகச் சிறிதளவு நெருங்கிச் செல்லும். அந்தச் சிறிதளவைத் தேர்ந்த கைகளே அறியும். அக்ரூட் மரக்கட்டையை உரிமையாளரின் தோளுக்கும் கழுத்துக்கும் ஏற்ப அளவெடுத்துச் செதுக்குவார்கள். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இவ்வளவு பொறுமையும் ஒருமுகப்பட்ட மனமும் இருந்தால் அது ஏறக்குறைய ஒரு சாதனை. கர்மத்தைப் பூஜையாகச் செய்வது என்பதற்குப் பட்டறைகளில் எடுத்துக்காட்டுகள் தேடுவோர் இங்கே தயக்கமின்றி நின்றுவிடலாம். ஆனால் இந்தப் பொறுமை அனைத்தும் எதற்காக? பறக்கும் ஓர் உயிரைத் தவறாமல் வீழ்த்துவதற்காக. அந்த உண்மையை எந்த மெருகாலும் மறைக்க முடியாது.

செப்பனிடுதல் என்னும் செயலிலேயே ஒரு பழைய தத்துவக் கேள்வி ஒளிந்திருக்கிறது. கருமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும். சுட்டபின் சுத்தம் செய்யாத குழலின் உட்புறத்தில் சிறுசிறு குழிகள் விழும். அவற்றைத் தேய்த்து நீக்கினால் குழலின் சுவர் மெலியும். மெலிந்த சுவர் அடுத்த வெடிப்பைத் தாங்காது. மேலும், கருமருந்துக்கென மட்டுமே சோதிக்கப்பட்ட பழங்குழல்களில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை இடுவது ஆபத்து. அழுத்தம் தாங்காமல் குழல் பிளந்து சுடுபவரின் கையையே பறித்துவிடலாம். ஆகவே, பழங்குழலின் அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி நீக்கிவிட்டுப் புதிய எஃகுக் குழல்களைப் பொருத்தும் முறை ஒன்று உண்டு. கட்டை புதிது, குழல் புதிது, வில்விசை புதிது என்றானபின் அது பாட்டனாரின் துப்பாக்கிதானா?

மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்ட கேள்வி இதுவேயன்றோ! அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா? எதுவும் இல்லை, எனினும் ‘தேர்’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. வேதாந்தியும் களிமண்ணையும் குடத்தையும் காட்டி நாமரூபத்தின் நிலையாமையைச் சொல்வார்.

இந்தத் தத்துவக் குழப்பத்துக்கு இங்கிலாந்தின் துப்பாக்கிச் சோதனைக்கூடங்கள் ஓர் எளிய நடைமுறையைக் கண்டன. பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை பதிப்பார்கள். அவ்வாறு புதுக்குழல் பொருத்திய துப்பாக்கியை மறுபடியும் சோதிக்க வேண்டும். அதன்மேல் ‘ஸ்லீவ்டு’ என்னும் சொல்லையும் பொறிக்க வேண்டும். வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பதே நோக்கம். பழையதைப் புதுப்பிப்பவன் கைக்கொள்ள வேண்டிய சத்தியம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. புதுப்பித்ததை மறைத்தால் அது மோசடி. வெளிப்படுத்தினால் அது தொண்டு. பழங்கோயில்களைத் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் தேய்த்துக் கல்வெட்டுகளை மழுக்கியவர்களுக்கு இத்தகைய ஒரு சோதனைக்கூடம் இல்லாமற் போனது வருந்தத்தக்கது.

ஆனால் ‘அதே துப்பாக்கிதானா?’ என்ற கேள்வியைவிடக் கடினமான கேள்வி ஒன்று காத்திருக்கிறது. செப்பனிடும்போது எது உயிர் பெறுகிறது? உடைந்த வீணையைச் செப்பனிட்டால் நாதம் திரும்புகிறது. பழைய விளக்கைத் துலக்கினால் சுடர் திரும்புகிறது. துப்பாக்கியைச் செப்பனிட்டால்?

ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் என்னும் நீர்ப்பறவைப் புகலிடம் உள்ளது. 1985 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். முன்பு அது மன்னரின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. அங்கே நிற்கும் கற்களில் எந்தப் பிரபு எந்த ஆண்டில் வந்தார், எத்தனை பறவைகள் வீழ்ந்தன என்பதெல்லாம் கோயிற்சுவரின் நிவந்தக் கல்வெட்டுப்போலப் பொறிக்கப்பட்டுள்ளன. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் வீழ்ந்தவை 4,273 பறவைகள். அத்தகைய வேட்டைகளுக்கென்றே உருவானவைதாம் இந்த அழகிய இரட்டைக்குழல்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. பம்பாயில் சிறுவனாக இருந்தபோது சலீம் அலி காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய ஒரு மஞ்சள் கழுத்துச் சிட்டுதான் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. பறவைகளின் வாழ்வே பிறகு அவருடைய வாழ்வாயிற்று. வீழ்ந்த ஒரு சிட்டைக் கண்டு ஒருவன் ‘இது என்ன?’ என்று கேட்கிறான், இன்னொருவன் ‘எத்தனை?’ என்று எண்ணுகிறான்.

ஆகவே கருவி வெறும் ஜடம், குற்றம் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் வால்மீகி ராமாயணத்தின் ஆரண்ய காண்டத்தில் இதை ஒப்பாத ஒரு குரல் எழுகிறது. அது சீதையின் குரல்.

தண்டகாரண்யத்தில் வாழும் ரிஷிகளுக்கு அரக்கர்களை அழிப்பதாக இராமன் வாக்களித்துவிட்டான். வில்லேந்தி அவன் நடக்கத் தொடங்கும்போது சீதை அவனிடம் மென்மையாக, ஆனால் அஞ்சாமல் பேசுகிறாள். ஆசையிலிருந்து மூன்று தீமைகள் பிறக்கும் என்கிறாள்: பொய், பிறர்மனை நயத்தல், பகையில்லாதவரிடம் காட்டும் கொடுமை. முதல் இரண்டும் உன்னிடம் என்றும் இருந்ததில்லை; மூன்றாவது நெருங்கி வருகிறதோ என்று அஞ்சுகிறேன் என்பது அவள் வாதம். பிறகு ஒரு கதை சொல்கிறாள்.

ஒரு வனத்தில் சத்தியசீலரான தபஸ்வி ஒருவர் வாழ்ந்தார். அவருடைய தவத்தைக் குலைக்க எண்ணிய இந்திரன் அப்சரஸ்களை அனுப்பவில்லை. போர்வீரன் வடிவில் கையில் வாளோடு தானே வந்தான். ‘இதைச் சற்றுப் பாதுகாத்து வையுங்கள்’ என்று அடைக்கலமாக ஒப்படைத்துவிட்டுப் போனான். முனிவர் நாணயமானவர். ஒப்படைத்த பொருள் தொலைந்துவிடக் கூடாதே என்று கிழங்கும் கனியும் பறிக்கச் செல்லும்போதும் அதை எடுத்துச் சென்றார். நாளடைவில் வாள் இல்லாமல் அவர் எங்கும் செல்வதில்லை என்றாயிற்று. மெல்ல மெல்ல அவருடைய புத்தி கொடுமையை நாடியது, தவம் நழுவியது, இறுதியில் நரகம் புகுந்தார்.

இக்கதையின் கூர்மை எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். அந்த முனிவர் கொலைவெறி கொண்டு வாளைத் தேடவில்லை. அவர் வீழ்ந்தது ஒரு நற்குணத்தின் வழியாக. பிறர் பொருளைக் கண்ணும் கருத்துமாகக் காப்பது என்னும் கடமையுணர்வே அவரை வாளோடு பிணைத்தது. இந்திரன் அறிந்து செய்த சூழ்ச்சி இது. தீய ஆசை எதுவும் அவரிடம் இல்லை. ஆகவே அவரிடம் இருந்த நல்லதையே தூண்டில் ஆக்கினான். பாட்டனாரின் நினைவைப் போற்றி, துரு நீக்கி, எண்ணெய் தடவி, வாரந்தோறும் எடுத்துத் துடைத்து வைக்கும் பேரனுக்கும் அந்த முனிவருக்கும் உள்ள தூரம் அதிகம் இல்லை. தீயின் அருகே விறகு கிடப்பதுபோல என்று சீதை சொன்னாள். இன்றைய மருத்துவ ஆய்வுகளும் வேறு மொழியில் அதையே சொல்கின்றன. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அவ்வீட்டாரிடையே தற்கொலை மரணம் நேரும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. துயரத்தின் ஒரு கணம் கடந்து போய்விடக்கூடியது. கருவி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அக்கணம் கடப்பதில்லை. தாயின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு எதிரான வாதமும் வலுவானதே. அதைச் சொன்னவர் அகிம்சையின் திருவுருவாக உலகம் போற்றும் மனிதர் என்பதுதான் வியப்பு. 1878-இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம், உரிமமின்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. அந்தச் சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கரிய செயல்களுள் ஒன்றாகவே காந்தியடிகள் கருதினார். 1918-இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்த்தபோது எழுதிய துண்டறிக்கையில் அதை வெளிப்படையாகச் சொன்னார். ஆயுதம் ஏந்த முடியாதவன் ஏந்தாதிருப்பது அகிம்சை ஆகாது, அது இயலாமை. இயன்றவன் கீழே வைப்பதே தியாகம். சுவாமி விவேகானந்தரும் கர்மயோகச் சொற்பொழிவுகளில் எதிர்க்கும் வலிமை உள்ளவன் எதிர்க்காதிருப்பதே பெருமை என்று விளக்கினார். அதே காந்தியடிகளை 1942 ஆகஸ்டு முதல் 1944 மே வரை புனேயின் ஆகாகான் மாளிகையில் துப்பாக்கி ஏந்திய காவலில் வைத்தார்கள். மகாதேவ தேசாயும் கஸ்தூர்பாவும் அங்கேயே உயிர் நீத்தனர். அந்த வளாகத்தில் யார் வலியவர், யார் எளியவர் என்பதைத் துப்பாக்கிகளின் எண்ணிக்கையால் அளக்க முடிந்ததா?

இந்த வாதம் உயர்ந்ததே. ஆனால் பெட்டிக்குள் கிடக்கும் குடும்பத் துப்பாக்கிக்கு இது பொருந்துமா என்பது ஐயமே. காந்தியடிகள் பேசியது ஒரு தேசத்தின் மானத்தைப் பற்றி. சுவரில் மாட்டி விருந்தினரிடம் காட்டும் பெருமையைப் பற்றி அன்று.

மரபு இதை எப்படிக் கையாண்டது? ஆயுதத்தை வெறுத்து ஒதுக்கவும் இல்லை, கையிலேயே வைத்திருக்கவும் இல்லை. மகாராஷ்டிரத்தில் நவராத்திரியின் ஒன்பதாம் நாளைக் கண்டே நவமி என்று கொண்டாடி ஆயுதங்களுக்குப் பூஜை செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அதே நாளின் ஆயுத பூஜையில் அரிவாளும் கடைசல் இயந்திரமும் பேருந்தும் கணக்குப் புத்தகமும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையில் அமர்கின்றன. அன்று ஒரு நாள் கருவிக்கு வேலை இல்லை. அதைப் பயன்படுத்தாமல் வணங்குவதே பூஜை. பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் புகுமுன் தங்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் உயரே கட்டித் தொங்கவிட்டார்கள். அதைப் பிணம் என்று சொல்லி வைத்ததால் யாரும் நெருங்கவில்லை. காண்டீபம் அழியவில்லை, ஓராண்டு கைக்கு எட்டாமல் இருந்தது. முனிவரோ வாளைக் கைக்கு எட்டும் தொலைவிலேயே வைத்திருந்தார்.

இந்தியச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழைய பாணியிலான அல்லது தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதுபட்ட ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடும் கருவியாகப் பயன்பட இயலாததாக இருக்க வேண்டும். நூறாண்டுப் பழமை என்ற ஒன்றே விலக்குத் தராது. செப்பனிட்டால் சுடும் என்றால், அது சுடும் ஆயுதமே, உரிமம் வேண்டும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது பிறந்த நோக்கமான வேட்டைக்கும் இடமில்லை. 2019-இல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடும் ஆயுதங்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; மரபுரிமையாக வந்தவையும் அந்தக் கணக்கில் அடங்கும். அந்த வரம்பை மிஞ்சியவற்றைப் பல பழைய குடும்பங்கள் ஒப்படைக்க வேண்டி வந்தது.

பேரனுக்கு முன் உள்ள வழிகள் இனித் தெளிவாகவே இருக்கின்றன. மரத்தின் வெடிப்பை ஒட்டலாம், துருவை நிறுத்தலாம், செதுக்கு வேலையின் அழுக்கைத் துடைக்கலாம். பெயரறியாக் கொல்லன் ஒருவனின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை அது. அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் மெலிந்த குழலுக்குள் புதுக்குழலைச் செலுத்தி, கட்கியிலிருந்து வரும் தோட்டாவை அது மறுபடியும் வெடிக்குமாறு செய்வது வேறு செயல். முன்னது கைவினையைக் காக்கிறது. பின்னது திறனை மீட்கிறது. அழகைக் காப்பதற்குத் திறனையும் காத்தாக வேண்டும் என்று ஆர்வலர்கள் சொல்வதுண்டு. உறையிலிருந்து உருவப்படாத வாள் வாளே ஆகாது என்பதுபோல. அது கைவினைஞரின் பார்வையில் நியாயமான ஆசையே. ஆயினும் அந்த ஆசைக்காகச் சீதையின் எச்சரிக்கையைக் கைவிடுவது அதிக விலை. உரிய அதிகாரியிடம் முறைப்படி தெரிவித்து, சுட இயலாதபடி செய்து வைப்பதே அந்த வீட்டில் தாயும் மகனும் ஒருங்கே ஏற்கக்கூடிய வழி.

புனேயின் சுக்ரவார் பேட்டையில் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. தினகர் கங்காதர் கேல்கர் (1896–1990), இளமையில் மறைந்த தம் ஒரே மகன் ராஜாவின் நினைவாகப் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பாக்குவெட்டி, குத்துவிளக்கு, மைக்கூடு, நரம்பு வாத்தியம், கதவுச் சட்டம், இவற்றோடு ஆயுதங்களும் அங்கே உள்ளன. ஒரு தந்தையின் துயரம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களாக விரிந்திருக்கிறது. அங்கே பாக்குவெட்டி பாக்கை வெட்டுவதில்லை. வாளும் எதையும் வெட்டுவதில்லை. இரண்டையும் செய்தவர்களின் கை மட்டும் தெரிகிறது.

இராமன் சீதைக்கு என்ன மறுமொழி சொன்னான்? முனிவரின் கதையை அவன் மறுக்கவில்லை; அது வேறொருவருக்குப் பொருந்தும், தனக்குப் பொருந்தாது என்றும் சொல்லவில்லை. தான் வில் ஏந்துவதன் காரணத்தை மட்டும் சொன்னான். துன்புற்றவரின் ஓலம் உலகில் எழக்கூடாது என்பதற்காகவே க்ஷத்திரியர் வில் ஏந்துகின்றனர். ரிஷிகள் தாமே வந்து அடைக்கலம் கேட்டார்கள், வாக்குக் கொடுத்தாயிற்று, உயிரைவிடவும் அந்த வாக்கு பெரிது. ஆயுதத்தைக் கையில் வைத்திருக்க அவன் காட்டிய காரணம் பரம்பரை அன்று, அழகு அன்று, பெருமையும் அன்று. பிறர் கேட்டார்கள் என்பது ஒன்றே. தன்மேல் கொண்ட அன்பினால் அவள் அப்படிப் பேசினாள் என்றும், பிரியமற்றவருக்கு யாரும் அறிவுரை சொல்வதில்லை என்றும் கூறி மகிழ்ந்தான். பிறகு மூவரும் புறப்பட்டார்கள். இராமன் முன்னே நடந்தான், நடுவில் சீதை, வில்லோடு இலக்குவன் பின்னே.